பேர் வெட்டிய கல்

அப்புத்தளை ஸ்டேஷனில் நின்ற ரயில் நின்றதுதான். முன்னால் எங்கோ தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம். "இறங்குங்க, இறங்குங்க, இன்னைக்கு இனி போகாது" என்று ஒருவர் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டே போனார். இறங்கினேன். ஸ்டேஷனைக் காணோம். அத்தனை பனிமூட்டம். எனக்கு முன்னால் போனவரின் குடை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. மார்கழியில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு "என்னா குளிரு" என்று சொல்கிற திருச்சிக்காரி நான். இங்கே பட்டப்பகலில் என் பெட்டியே எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்த சிங்கள அம்மாள் வழியெல்லாம் எனக்கு அவித்த கடலை தந்துகொண்டு வந்தார். பாஷை இல்லாததால் நானும் சிரித்துச் சிரித்து வாங்கித் தின்றேன். நடுவில் அவர் என்னைக் காட்டித் தன் மகளிடம் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனிடம் என்னவென்று கேட்டேன். அவன் நெளிந்தான். "தனியா போறாங்களே, பாவம், வீட்டுல யாரும் இல்ல போலன்னு சொல்றாங்க."

"இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன். யார் யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்லவேளை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. சென்னையில் ஒரு தம்பி இருக்கிறான். "ஒரு கல்லைப் பாக்கவா கடல் தாண்டிப் போற? போட்டோ அனுப்பச் சொல்லு, போதும்" என்று சொன்னவன் அவன்.

ஆமாம், நான் வந்தது ஒரு கல்லைப் பார்க்கத்தான். அதில் என் அப்பாவின் பேர் இருக்கிறது.

அப்பாவின் பேர் சன்னாசி. பேர்தான் சன்னாசி. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நாளுக்கு ஒரு கட்டு பீடி என்று சகல பந்தங்களும் உண்டு. திருச்சியில் ஒரு லாரி ஷெட்டில் இரவுக் காவலுக்கு இருந்தார். பேச்சு குறைவு. எங்கள் தெருவில் அவருடைய பேர் யாருக்கும் தெரியாது. "சிலோன்காரர்" என்பார்கள். பால்காரன் கணக்குக்கூட "சிலோன்" என்றுதான் எழுதியிருப்பான். அவர் செத்தபோது வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் ஆபீஸ்காரர்கள்.

ஆனால் அம்மா வேறொரு மனிதரைப் பற்றிச் சொல்வாள். அப்புத்தளைக்குக் கீழே ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலை வெட்டிய ஓர் இளைஞன். தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும், ஓட்டு வேண்டும், லயத்துக் காம்பிராவுக்கு, அதாவது வரிசைவீட்டு ஒற்றை அறைக்கு, கதவாவது ஒழுங்காக வேண்டும் என்று பேசியவன். தோட்டத்துக்குள் கூட்டம் போட துரை விடமாட்டான். அதனால் ரோட்டோரத்தில் இருந்த ஒரு பாறையில் ஏறிப் பேசுவானாம். பாறை சர்க்கார் ரோட்டுக்குச் சேர்ந்தது, துரை கேட்க முடியாது. "ஒங்கப்பனுக்கு அந்தக் கல்லு மேல ஏறத் தெரியும், எறங்கத் தெரியாது" என்பாள் அம்மா. ஒரு நாள் போலீஸ் இறக்கியது. சில மாதம் உள்ளே வைத்து, பிறகு மனைவியோடும் கைக்குழந்தையோடும் தலைமன்னாரில் கப்பலேற்றி விட்டது. அந்தக் கைக்குழந்தை நான்.

அந்த மாதிரி ஆட்களுக்காகப் பதுளை டவுனில் ஒரு நினைவுத்தூண் வைக்கிறார்கள் என்று ஒரு தூரத்துச் சொந்தக்காரர் மூலம் தெரிந்தது. சங்கம் என்றும் ஓட்டு என்றும் பேசியதற்காகச் சிறைக்குப் போனவர்கள், லயத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், உயிரை விட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தூண். குழுவில் இருந்த செல்வம் என்பவர் என்னைக் கூப்பிட்டு, அப்பாவைப் பற்றிக் கேட்டு, போட்டோவும் வாங்கிக்கொண்டார். பதுளையில் போட்டோ காப்பிக் கடை வைத்திருப்பவர். பிறகு போன மாதம் ஒரு மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். இடி மழையிலும் இரைச்சலிலும் எந்த ஊர்க்காரர் எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துவிடுவேன் என்பது என் கர்வம். அன்று லைன் கண்ணாடி போல இருந்தது.

"அக்கா, தூண் வேல முடிஞ்சிருச்சு. தெறந்தும் வச்சாச்சு. அப்பா பேர... வெட்டிட்டாங்க அக்கா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானே கொஞ்சம் உரக்க, "நல்லா ஆழமா வெட்டியிருக்காங்களா? மழைக்கு அழிஞ்சிராதுல்ல?" என்று கேட்டேன்.

"ஒரேயடியா வெட்டிட்டாங்க அக்கா. மனசத் தேத்திக்குங்க."

சந்தோஷத்தில் அழுகிறவளைத் தேற்றுகிறாரே, என்ன தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். "சிலோன்காரர் பேரைக் கல்லுல வெட்டிட்டாங்களா!" என்று எதிர்வீட்டு மாமி கன்னத்தில் கை வைத்தாள்.

அன்றிரவு அப்புத்தளையிலேயே தங்கும்படி ஆனது. தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், மாடியில் ஒரு அறை கிடைத்தது. கீழே சாப்பாட்டுக் கடை. ரொட்டியும் கட்டா சம்பலும் கொடுத்தார்கள். ரொட்டி நம் ஊர் ரொட்டி இல்லை. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடிமனான வஸ்து, ஒன்று தின்றால் மறுநாள் வரை தாங்கும். சம்பலில் மிளகாயைத் தவிர வேறு எதையும் நான் சந்திக்கவில்லை. மூக்கில் தண்ணீர் வடிய வடியத் தின்றேன். அம்மா செய்யும் ரொட்டியும் இதே தடிமன்தான். "இது என்னம்மா, செருப்புத் தோல் மாதிரி" என்று நானும் தம்பியும் கிண்டல் செய்வோம். அந்த மேசையில் அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. எதிர் நாற்காலியில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது.

ஊசிமலைத் தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்றார் கடைக்காரர். ஆனால் முதலில் தூண், பிறகுதான் தோட்டம் என்று நான் மனதில் வரிசை போட்டு வைத்திருந்தேன். பேரைப் பார்த்துவிட்டு, அந்தத் தெம்போடு தோட்டத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று ஆசை.

மறுநாள் பஸ். டிரைவருக்கு முன்னால் புத்தர், பிள்ளையார், மாதா மூவருக்கும் கலர் பல்பு எரிந்தது. வளைவுகளில் அவர் ஓட்டிய அழகைப் பார்த்தபோது மூவரும் முழுநேரமும் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பண்டாரவளையில் ஏறிய கூட்டத்தில் என் மடியில் யாருடைய பையோ, யாருடைய குழந்தையோ வந்து உட்கார்ந்தன. குழந்தை தூங்கிவிட்டது. பதுளை வரும் வரை அது யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. இறங்கும்போது ஒரு பெண் வந்து, சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். மடி திடீரென்று சில்லிட்டது.

கண்டக்டரிடம் "தூண்" என்று சொல்லியிருந்தேன். அவர் "டவுன், டவுன், ஓ" என்று தலையாட்டி, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். பதுளையில் வெயில் அடித்தது. பசியும் அடித்தது. ஒரு முஸ்லிம் ஹோட்டலில் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவரை எல்லாரும் "நானா, நானா" என்று கூப்பிட, அவர் பேரே நானா என்று நினைத்து நானும் அப்படியே கூப்பிட்டேன். அண்ணன் என்று அர்த்தமாம். அண்ணன் ஆனபிறகு விசாரிக்காமல் இருப்பாரா?

"இந்தியாவிலருந்தா? தனியாவா வந்தீங்க? என்ன விஷயமா?"

தூணைப் பார்க்க என்றேன். "அதுவா? ரோடு ரெண்டாப் பிரியிற எடத்தில இருக்கி. நல்ல கறுப்புக் கல்லு. ஒங்கட ஆள் யாரும் இருக்காங்களா அதில?"

"எங்கப்பா."

அவர் எழுந்தே விட்டார். உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். நான் கேட்காமலே ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தது. "அப்பாட பேரால சாப்பிடுங்க" என்றார். கருப்பட்டியும் முட்டையும் ஏலக்காயும் சேர்ந்த அந்த இனிப்பை, ஒரு தியாகியின் மகளுக்கு உரிய நிதானத்தோடு, கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பா பேரைச் சொல்லி ஒன்று கிடைத்தது.

தூண் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். திறப்பு விழா மாலைகள் காய்ந்து தொங்கின. அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒருவர் மொபைல் உறைகளைத் தூணில் சாய்த்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மேடையில் பைகளை வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பேசிப் பேசியே அடிபட்டவர்களைச் சுற்றி நாலு பேர் நின்றால் நல்லதுதானே.

மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. கீழே பேர்கள். முத்துவீரன், வீராயி, பியதாச, இன்னும் பலர். தோட்டத்தின் பேரும் பக்கத்தில் இருந்தது. நான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த சந்தன மாலையை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் போனேன். அதற்கடுத்த பக்கத்துக்காக மொபைல் உறைக்காரர் தன் சரக்கை நகர்த்திக் கொடுத்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். ஊசிமலை என்ற சொல்லே எங்கும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினேன். நாய் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்தது.

"யாரத் தேடுறீங்க?" என்றார் மொபைல் உறைக்காரர்.

செல்வத்தின் கடை எங்கே என்று மட்டும் கேட்டேன். அப்பா பேரைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

செல்வத்தின் கடை அடுத்த தெருவில். மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, நீங்களா! சொல்லாமக் கொள்ளாம..." என்று நாற்காலி போட்டார்.

"பேர வெட்டியாச்சுன்னு சொன்னீங்களே தம்பி. எந்தப் பக்கம்?"

அவர் கையிலிருந்த காகிதங்களை மெஷின் மேல் வைத்தார். பிறகு மெதுவாக, "வெட்டிட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே அக்கா" என்றார். "பேர எடுத்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் பேர் போடுவது என்றால், ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பேரை வெட்டுவது என்றால் வேலையிலிருந்தே நீக்கிவிடுவது. அம்மா இதையெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! நான் திருச்சிக்காரி. மலைக்கோட்டையில் கல்வெட்டுப் பார்த்து வளர்ந்தவள். கல் என்றும் வெட்டு என்றும் காதில் விழுந்தால் எனக்கு உளிச் சத்தம்தான் கேட்கும். ஒவ்வொரு எழுத்தையும் சரியாகக் கேட்டிருக்கிறேன். அர்த்தம் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

"நீங்க சந்தோஷம்னு சொன்னதும் நான் பயந்துட்டேன்" என்றார் செல்வம். "ஆழமா வெட்டுனாங்களான்னு வேற கேட்டீங்க. வீட்டுல சொன்னேன், அந்தக்காவுக்கு அதிர்ச்சியில என்னமோ ஆயிப்போச்சுன்னு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்குச் சீக்கிரம் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை. அது சிரிப்பில்லை என்று தெரிந்ததும் அவர் ஓடிப்போய் ப்ளேன்டீ வாங்கி வந்தார்.

காரணம் சொன்னார். குழுவில் ஒரு பெரியவர் பிடிவாதமாக நின்றாராம். தண்டனை அனுபவித்தவர்கள் பேர்தான் கல்லில் வர வேண்டும். சன்னாசி இந்தியாவுக்குப் போகிறேன் என்று தானே எழுதிக் கொடுத்துக் கப்பலேறியவர். விரும்பிப் போனவரை எப்படிச் சேர்ப்பது? மற்றவர்கள் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

"விரும்பியா?" என்றேன். "உள்ள இருந்த மனுஷன்கிட்ட வந்து, கையெழுத்துப் போடலேன்னா ஒம் பொண்டாட்டி பிள்ளைய இன்னைக்கே லயத்த விட்டு ரோட்டுல எறக்கிருவோம்னு சொன்னாங்க தம்பி. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு வெளியில நின்னிருக்கா. அதுக்குப் பேரு விருப்பமா?"

எனக்கு இது புரியும். எனக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். எக்ஸ்சேஞ்சை மூடப் போகிறோம், இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மரியாதையாகப் போகலாம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தின் தலையில் என் விருப்பம் என்று அச்சடித்திருந்தது. அந்தச் சொல்லை யார் எதற்காகக் கண்டுபிடித்தார்களோ தெரியாது.

"அடுத்த கூட்டத்துல மறுபடி பேசிப் பாக்குறேன் அக்கா. நான் விட மாட்டேன்" என்றார் செல்வம். நல்லவர். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். 'லைன் பிஸி, கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள்' என்று ஆயிரம் பேரிடம் நானே அந்தக் குரலில் சொல்லியிருக்கிறேன்.

நானாவின் கடையைத் தாண்டித்தான், அன்றிரவுக்கு அறை எடுத்திருந்த லாட்ஜுக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கமாக, குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன். தின்ற வட்டிலப்பம் நெஞ்சிலேயே நின்றது.

அறையில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டால் "நான்தான் சொன்னேனே" என்பான். எதிர்வீட்டு மாமிக்கு லட்டு செரித்திருக்கும், அதைத் திரும்பக் கேட்க முடியாது. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குக் கூப்பிட ஒரு நம்பர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ்காரர்கள் ஊர்ப் பேர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். இறந்து இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அப்பா என்னை விட்டுப் போனது போல இருந்தது.

மறுநாள் காலை ரயில் ஓடியது. பேசாமல் கொழும்புக்கே போய்விடலாம் என்றுதான் ஏறினேன். எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரக் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. வாசலில் தொங்கியபடி போட்டோ எடுத்துக்கொள்வதற்காகவே அங்கே ரயில் விடுகிறார்கள் போலிருக்கிறது. ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் தனியாகத்தான் பயணம் செய்கிறீர்களா, எவ்வளவு சுதந்திரம், இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தலையாட்டி வைத்தேன். மடியில் இருந்த மாலைப் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல வாசம் என்றாள்.

அந்தப் பெட்டிதான் என்னை அப்புத்தளையில் இறக்கியது. மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. லயத்து வாசலிலாவது போட்டுவிட்டு வரலாம்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோ பிடித்தேன். இங்கே அதற்குப் பேர் த்ரீவீல். ஓட்டியவர் வாயாடி. "ஊசிமலையா? அங்க யாரு வீட்டுக்கு? தனியாவா வந்தீங்க?" என்றார். பெரகல பக்கம் இறங்கும் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளமும் பனியும். ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினார்.

"ரெண்டு நிமிஷம் அம்மா. ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துர்றேன். இவரத் தாண்டி யாரும் சும்மா போக மாட்டோம்."

ரோட்டோரத்தில் படுத்த மாடு போல ஒரு பாறை. வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருந்தது. உச்சியில் ஒரு சின்னச் சூலம், மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம். பக்கவாட்டில் ஏறுவதற்குத் தோதாக இரண்டு மூன்று பள்ளங்கள், கால் பட்டுப் பட்டுத் தேய்ந்தவை.

"என்ன சாமி?" என்று கேட்டேன்.

"சன்னாசியப்பா" என்றார் அவர்.

வண்டியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பாறையடியில் ஒரு பெண் கற்பூரப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய கோலம். பேர் லெட்சுமி என்று பிறகு சொன்னாள். ஊசிமலையில் கொழுந்தெடுப்பவள். இந்தச் சாமியின் கதை என்ன என்று கேட்டேன்.

"முன்னாடி ஒரு சன்னாசி வந்தாருங்க. எந்த ஊரு, என்ன பேரு, ஒன்னும் தெரியாது. இந்தக் கல்லு மேல ஏறி நின்னுதான் பேசுவாராம். தொரைக்கு ஆகல. நாயை ஏவி விட்டானாம். நாயி வந்து கால நக்கிட்டுப் போயிருச்சு. அப்பறம் போலீச அனுப்புனான். அவுங்க வந்து பாக்குறாங்க, நின்ன மனுஷன் நின்னாப்புலயே மறைஞ்சிட்டாரு."

"மறையல. ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"எங்கம்மா. சன்னாசிங்கிறது அவரு பேரு. சாமியார் இல்ல. லயத்துலதான் இருந்தாரு, பொண்டாட்டி பிள்ளையோட." பாறையைத் தொட்டேன். "இவரு எங்கப்பாங்க."

"ஆமாங்க" என்றாள் லெட்சுமி, என் கையைத் தட்டிக் கொடுத்து. "எல்லாருக்கும் அப்பாதான்."

என் அப்பாவா சாமி? வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குள் போனால் வெளியே நின்று பீடி குடித்தவர் அவர். 'கல்லக் கும்புட்டா கல்லு வந்து கூலி கேட்டுக் குடுக்குமா?' என்று அவளைச் சீண்டியவர். அவரைக் கல்லாக்கிச் சூலம் குத்தி எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? நிச்சயம் திட்டியிருப்பார். பிறகு ஏறி நின்று அதையே ஒரு பேச்சாகப் பேசியிருப்பார். சிரிப்பும் அழுகையும் எனக்கு ஒன்றாக வந்தன. லெட்சுமி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

மாலையை எடுத்துப் பாறையில் போட்டேன். சூலம் தாங்கிக்கொண்டது.

"நீங்க என்ன வேண்டிக்கிட்டு வந்தீங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"வீட்டுக்காரருக்கு மேலுக்கு முடியல. ஆசுபத்திரியில கெடந்தேன். பெரட்டுக்குப் போகல." பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். "திரும்பிப் போனா, ஒம் பேர வெட்டியாச்சுன்னுட்டாங்க. எங்க தோட்டத்துல யாரு பேர வெட்டுனாலும் இங்கதான் வருவோம். சன்னாசியப்பாவுக்குக் கற்பூரம் கொளுத்திட்டு, நாலு பொம்பளைங்க சேந்து ஆபீசுக்குப் போயி நிப்போம். பேரு திரும்ப விழுந்துரும். விழாம இருந்ததில்ல."

நாலு பேர் சேர்ந்து போய் நிற்பது. அதைத்தானே இந்தப் பாறையில் ஏறி நின்று அவர் சொல்லியிருப்பார்.

"நீங்க என்ன வேண்டிக்கிறீங்க?" என்றாள்.

"பேர வெட்டிட்டாங்க" என்றேன்.

"அடப்பாவமே. இந்த வயசுலயும் வேல செய்றீங்களா?"

"எம் பேர இல்ல. எங்கப்பா பேர."

அவள் பொட்டலத்திலிருந்து பாதிக் கற்பூரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "கொளுத்துங்க. இவருகிட்டச் சொல்லிட்டீங்கள்ல, பாத்துக்குவாரு."

பள்ளத்திலிருந்து பனியும் காற்றும் ஏறி வந்துகொண்டிருந்தன. தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதில் பற்றியது. அணைந்துவிடாமல் இருக்க நாங்கள் இரண்டு பேரும் குனிந்து, நாலு கைகளையும் சுற்றிக் கூட்டி வைத்துக்கொண்டோம்.

"அப்பா" என்றாள் லெட்சுமி.

நானும் அதையேதான் சொன்னேன்.